ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்... ஃபோர்டு எக்கோஸ்போர்ட் பெட்ரோல் இன்ஜினில் என்ன பிரச்னை? செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தி சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் எக்கோஸ்போர்ட் மட்டும் ரோட்டை விட்டுப் போகவில்லை. பின் கதவில் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஓடும் அந்த வண்டியை இன்றைக்கும் எந்த ஊர் சிக்னலிலும் பார்க்கலாம். பழைய கார் விற்பனைப் பக்கங்களிலும் வரிசையாக நிற்கிறது. விலை குறைவு, ஸ்டீல் பாடி கெட்டி, ஓட்ட ஜாலியான வண்டி என்று சொல்லித்தான் விற்பார்கள். எல்லாம் உண்மைதான்.

ஆனால் பெட்ரோல் எக்கோஸ்போர்ட் என்றால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். ‘எந்த பெட்ரோல் இன்ஜின்?’ ஏனென்றால் இந்தியாவில் இந்தக் காருக்கு மூன்று விதமான பெட்ரோல் இன்ஜின்கள் வந்தன. அதில் இரண்டில், டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடும். இந்த ஒரு விஷயத்தால்தான் வெளிநாடுகளில் இந்த இன்ஜின் பெயர் கெட்டது. நம்ம ஊரில் பல வண்டிகள் இப்போதுதான் அந்த வயதைத் தொடுகின்றன. விரிவாகப் பார்க்கலாம்.

மூன்று இன்ஜின், ஒரே கார்

எக்கோஸ்போர்ட்டின் மாதிரி வண்டி 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்டது. 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தது. தயாரித்தது செங்கல்பட்டு மாவட்டம் மறைமலை நகர் ஆலையில். நீளம் 3,999 மில்லி மீட்டர். 4 மீட்டருக்கு ஒரு மில்லி மீட்டர் குறைவு! இது தற்செயல் இல்லை. 4 மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. அந்தக் கணக்கில் பொருந்தியது 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் டர்போ பெட்ரோல் இன்ஜின். இதுதான் இந்தக் கதையின் ஹீரோ, வில்லன் ரெண்டும்.

அதோடு சேர்ந்து வந்தது 1.5 லிட்டர், 4 சிலிண்டர் பெட்ரோல். 112 பிஎஸ் பவர். டர்போ கிடையாது. இதற்கும் டைமிங் பெல்ட் உண்டு, ஆனால் அது ஆயிலுக்கு வெளியே ஓடும் வழக்கமான பெல்ட்.

2017 நவம்பரில் முகப்பு மாற்றிய எக்கோஸ்போர்ட் வந்தபோது இந்த 4 சிலிண்டர் இன்ஜின் போய், ‘டிராகன்’ என்ற பெயரில் புது 1.5 லிட்டர், 3 சிலிண்டர் இன்ஜின் வந்தது. 123 பிஎஸ் பவர், 150 என்.எம். டார்க். டர்போ இல்லாமலே இவ்வளவு பவர் என்று அப்போது பாராட்டு வாங்கியது. எக்கோபூஸ்ட் அந்த நேரத்தில் காணாமல் போய், 2018 மே மாதம் ‘எக்கோஸ்போர்ட் எஸ்’ என்ற மாடலில் 6 ஸ்பீடு கியர்பாக்ஸோடு திரும்ப வந்தது. பிஎஸ்-6 விதி 2020ல் அமலானபோது அதோடு முடிந்தது.

டிராகன் இன்ஜினிலும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்தான் ஓடுகிறது. இது பல ஓனர்களுக்கே தெரியாது. எக்கோபூஸ்ட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு டிராகனை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஏ4 பேப்பர் அளவு இன்ஜின்

முதலில் எக்கோபூஸ்ட்டின் பெருமையைச் சொல்லிவிடுவோம். சொல்லாமல் விட்டால் அநியாயம்.

மொத்தம் 999 சிசி. மூன்று சிலிண்டர். சிலிண்டர் விட்டம் 71.9 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மி.மீ. இந்தியாவில் கிடைத்த பவர் 125 பிஎஸ். டார்க் 170 என்.எம்., அதுவும் 1,400 ஆர்.பி.எம்.மிலேயே தொடங்கி 4,500 வரை அப்படியே நிற்கும். ஒரு லிட்டர் இன்ஜினா இது என்று ஓட்டியவர்கள் ஆச்சரியப்பட்டதற்கு இதுதான் காரணம். அதிகாரப்பூர்வ மைலேஜ் லிட்டருக்கு 18.9 கி.மீ. (டர்போ இன்ஜினை மிதித்து ஓட்டினால் இந்த எண்ணை மறந்துவிட வேண்டியதுதான்.)

இன்ஜின் பிளாக் தரையில் அடைக்கும் இடம் ஒரு ஏ4 பேப்பர் அளவுதான். 2012ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் கண்காட்சிக்கு ஃபோர்டு அதிகாரி ஒருவர் அந்த பிளாக்கை கையில் கொண்டுபோகும் சூட்கேஸில் வைத்து விமானத்தில் எடுத்துப்போனார். விளம்பரத்துக்காகத்தான், ஆனாலும் வைக்க முடிந்தது இல்லையா! 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று வருஷம் ‘சர்வதேச சிறந்த இன்ஜின்’ விருதும் இதற்குத்தான்.

இங்கிலாந்தின் டன்டனில் உள்ள ஃபோர்டு தொழில்நுட்ப மையத்தில் வடிவமைத்தார்கள். மூன்று சிலிண்டர் இன்ஜின் என்றாலே உதறும். அதை அடக்க மற்ற கம்பெனிகள் பேலன்ஸ் ஷாஃப்ட் என்று தனியாக ஒரு தண்டு போடுவார்கள். இவர்கள் அதைப் போடாமல், ஃப்ளைவீலையும் முன்பக்க புல்லியையும் வேண்டுமென்றே எடை சமமில்லாமல் செய்து, இன்ஜின் உதறலுக்கு எதிர் உதறல் கொடுத்து சமாளித்தார்கள். புத்திசாலித்தனமான வேலை. ஆனால் பிற்பாடு இன்ஜினைப் பிரித்து மாட்டும் மெக்கானிக்குக்கு இதுவே ஒரு தலைவலி. அந்தக் கதைக்கு வருவோம்.

டர்போ ரொம்பச் சின்னது. நிமிஷத்துக்கு 2,48,000 சுற்று வரை சுற்றும் என்பது ஃபோர்டு சொன்ன கணக்கு. அதாவது ஒரு நொடிக்கு 4,000 சுற்றுக்கும் மேல். இந்த வேகத்தில் சுற்றும் ஒரு பாகத்தைக் காப்பாற்றுவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் வருவது நின்றால் என்ன ஆகும் என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டைமிங் பெல்ட் என்றால் என்ன?

சைக்கிளில் பெடலையும் பின் சக்கரத்தையும் செயின் இணைக்கிற மாதிரி, இன்ஜினில் கீழே சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் இணைப்பது டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கு ஒரு பல் கூட தவறக் கூடாது. தவறினால், மேலே ஏறி வரும் பிஸ்டனும் கீழே இறங்கி நிற்கும் வால்வும் மோதிக்கொள்ளும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனே ஓட்டை ஆகும். இன்ஜின் காலி.

செயின் இரும்பு. சத்தம் போடும், ஆனால் நீடிக்கும். பெல்ட் ரப்பர். சத்தம் குறைவு, ஆனால் குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டும். ரப்பர் பெல்ட்டில் ஆயில் பட்டால் கெட்டுவிடும் என்பதுதான் மெக்கானிக்குகள் காலம் காலமாகச் சொல்வது. ஆயில் சீல் ஒழுகினால் பெல்ட்டை மாற்று என்பது பாலபாடம்.

அப்படியிருக்க ரப்பர் பெல்ட்டை ஏன் ஆயிலுக்குள்ளேயே போட்டார்கள்? உராய்வு குறையும், அதனால் மைலேஜ் கூடும், சத்தம் குறையும், இன்ஜினின் அகலமும் குறையும். இதற்காகவே ஆயிலைத் தாங்கும் சிறப்பு ரப்பர் கலவையில் பெல்ட் செய்தார்கள். ‘வெட் பெல்ட்’ என்று பெயர். 10 வருஷம் அல்லது ஒன்றரை லட்சம் கி.மீ.க்கும் மேல் தாங்கும் என்று கணக்கு சொன்னார்கள். நாட்டையும் மாடலையும் பொறுத்து கி.மீ. மாறும், 10 வருஷம் என்ற கெடு பொதுவானது.

பேப்பரில் எல்லாம் சரி. பிரச்னை எங்கே வந்தது?

சிங்க் ஜாலியில் அடைத்த சோறு மாதிரி

வெட் பெல்ட் சாதா பெல்ட் மாதிரி படாரென்று அறுந்துபோவது மட்டும் இல்லை. அதற்கு முன்னாலேயே வேறு ஒரு வழியில் இன்ஜினைக் கொல்லும். சரியில்லாத ஆயிலிலோ, ரொம்ப நாள் மாற்றாத ஆயிலிலோ ஊறும்போது பெல்ட்டின் ரப்பர் மெதுவாக உப்பும், வெடிப்பு விடும், ஓரங்கள் பிசிறு பிசிறாக உதிரும். உதிர்ந்த துகள்கள் எங்கே போகும்? ஆயிலோடு கலந்து இன்ஜினின் அடியில் இருக்கும் சம்ப்புக்குப் போகும். அங்கே ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை ஸ்ட்ரெய்னர் இருக்கிறது. சிங்க்கில் பாத்திரம் கழுவும்போது ஜாலியில் சோற்றுப் பருக்கை அடைக்குமே, அதே கதைதான். வலை அடைந்ததும் ஆயில் மேலே ஏறாது.

சம்ப்பில் ஆயில் முழுசாக இருக்கும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் லெவல் சரியாகவே காட்டும். ஆனால் டர்போவுக்கும் பேரிங்குகளுக்கும் ஆயில் போகாது. ஒரு நொடிக்கு 4,000 சுற்று சுற்றும் டர்போ முதலில் போகும். பின்னாலேயே கிராங்க் பேரிங். கடைசியில் இன்ஜின் சீஸ்.

எக்கோபூஸ்ட்டில் இன்னொரு சிக்கல். உள்ளே இருப்பது ஒரு பெல்ட் இல்லை. கேம் ஷாஃப்ட்டுக்கு ஒன்று, ஆயில் பம்பைச் சுற்ற இன்னொரு சின்ன பெல்ட். அதுவும் ஆயிலில் ஓடுவதுதான். பெரிய பெல்ட்டை நினைவாக மாற்றிவிட்டு சின்னதை அப்படியே விட்டவர்கள் உண்டு. சின்னது அறுந்தால் ஆயில் பம்பே நின்றுவிடும். முடிவு ஒன்றுதான்.

அமெரிக்காவில் ரீகால்: போனது சென்னை கார்கள்

இது வெறும் மெக்கானிக் கடைப் பேச்சு இல்லை. 2023 டிசம்பரில் ஃபோர்டு நிறுவனமே அமெரிக்காவில் சுமார் 1.39 லட்சம் கார்களை ரீகால் செய்தது. 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸ், 2018 முதல் 2022 வரையிலான எக்கோஸ்போர்ட். எல்லாமே 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் இன்ஜின் வண்டிகள். காரணமாகச் சொன்னது இதுதான்: ஆயில் பம்ப் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உடையலாம், அல்லது பெல்ட்டின் பற்கள் உதிரலாம். அப்படி நடந்தால் ஆயில் பிரஷர் போய், ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடலாம், பிரேக் பூஸ்டரின் உதவியும் கிடைக்காமல் போகலாம்.

பிரேக்குக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பிரேக்கை லேசாக அழுத்தினாலே வண்டி நிற்பதற்கு பூஸ்டருக்கு வெற்றிட அழுத்தம் வேண்டும். அது இன்ஜின் ஓட்டத்திலிருந்து கிடைப்பது. இன்ஜின் போனால் பிரேக் ‘கல்லு’ மாதிரி ஆகிவிடும். பிரேக் பிடிக்கும், ஆனால் பலம் கொண்டு மிதிக்க வேண்டும். ஹைவேயில் அதைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

இதில் நமக்கு நெருக்கமான விஷயம், அமெரிக்காவில் விற்ற அந்த எக்கோஸ்போர்ட்டுகள் எல்லாம் சென்னையிலிருந்து கப்பலேறிப் போனவை. காரைப் பூட்டியது மறைமலை நகர் தொழிலாளர்கள். குறை அவர்கள் கை வேலையில் இல்லை, இன்ஜினின் வடிவமைப்பில். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ரீகால் அமெரிக்காவில் விற்ற வண்டிகளுக்கானது.

ஃபோர்டு மட்டும்தான் இந்த வம்பில் மாட்டியது என்றும் இல்லை. பியூஜோ, சிட்ரோயன் கார்களின் 1.2 லிட்டர் பியூர்டெக் பெட்ரோல் இன்ஜினிலும் இதே வெட் பெல்ட், இதே உதிரல், இதே அடைப்பு. புகார்கள் குவிந்து, தாய் நிறுவனமான ஸ்டெல்லான்டிஸ் ஐரோப்பாவில் 10 வருஷம் அல்லது 1.75 லட்சம் கி.மீ. வரை வாரன்டியை நீட்டிக்க வேண்டி வந்தது. எக்கோபூஸ்ட்டிலும் பிற்பாடு வந்த புது பதிப்புகளில் கேம் ஷாஃப்ட்டுக்கு ஃபோர்டு செயினுக்கே திரும்பிவிட்டது. பெல்ட் நல்ல யோசனையாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

இரண்டாவது பிரச்னை: கூலன்ட்

வெட் பெல்ட் பிரச்னை பெரிதாக வெளியில் வருவதற்கு முன்னாலேயே, எக்கோபூஸ்ட் ஓனர்களை அழ வைத்தது இன்ஜின் சூடாவது. சின்ன இன்ஜினிலிருந்து பெரிய பவர் எடுக்கும்போது சூடும் அதிகம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டே சிலிண்டர் ஹெட்டுக்குள் வார்க்கப்பட்டிருக்கிறது. அந்தச் சூட்டையும் கூலன்ட்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதனால் கூலன்ட் கொஞ்சம் குறைந்தாலும் இது மன்னிக்காத இன்ஜின்.

ஆரம்ப கால வண்டிகளில் கூலன்ட் டேங்க்குக்குப் போகும் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் சூட்டில் காய்ந்து முறுகி வெடிப்பு விட்டது. சொட்டுச் சொட்டாக ஒழுகும். ஓடும் இன்ஜின் மேல் படுவதால் ஆவியாகிவிடும், கீழே தரையில் ஈரமே தெரியாது. கூலன்ட் லெவல் குறைவதைச் சொல்லும் சென்சாரும் பல வண்டிகளில் இல்லை. டெம்பரேச்சர் சென்சார் கூலன்ட்டில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சூட்டைக் காட்டும். கூலன்ட்டே இல்லாமல் காற்றில் நின்றால் அது சொல்வதற்கு முன்பே ஹெட் வளைந்திருக்கும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த 1.6 லிட்டர் எக்கோபூஸ்ட் இன்ஜின் கொண்ட குகா எஸ்யூவி தென்னாப்பிரிக்காவில் அடுத்தடுத்து தீப்பிடித்தது. 2015 டிசம்பரில் ஒருவர் காருக்குள்ளேயே கருகி இறந்தார். 2017 ஜனவரியில் அங்கே 4,556 குகா கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கூலன்ட் சரியாகச் சுற்றாமல் சிலிண்டர் ஹெட் சூடாகி, வெடித்து, ஆயில் ஒழுகி, அது சூடான பாகத்தில் பட்டு தீ என்பதுதான் ஃபோர்டு அப்போது சொன்ன விளக்கம். அது வேறு இன்ஜின், வேறு கார். எக்கோஸ்போர்ட்டை அதோடு ஒப்பிட்டு பயமுறுத்துவது நோக்கமில்லை. ஆனால் ‘கூலன்ட்தானே, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

மற்ற சில்லறைத் தொல்லைகள் எல்லா நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜினுக்கும் பொதுவானவை. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் வால்வின் முதுகை அது கழுவாது, கரி படியும். ஐடிலில் வண்டி தடுமாறும், பிக்கப் குறையும். சுத்தம் செய்தால் சரியாகிவிடும். இன்ஜின் மவுன்ட் தளர்ந்தால் மூன்று சிலிண்டர் உதறல் ஸ்டீயரிங் வரை வரும். இதற்கெல்லாம் இன்ஜின் போகாது, பர்ஸ்தான் கொஞ்சம் இளைக்கும்.

உங்கள் வண்டிக்கு வயது என்ன?

இப்போது ஆர்.சி. புக்கை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 10 வருஷக் கெடு என்று வைத்தால், 2013ல் வந்த முதல் எக்கோபூஸ்ட் எக்கோஸ்போர்ட்டுகளுக்கு 2023லேயே கெடு முடிந்துவிட்டது. 2017 நவம்பரில் வந்த முதல் டிராகன் இன்ஜின்களுக்கு 2027 நவம்பர். 2018 எக்கோஸ்போர்ட் எஸ் வண்டிகளுக்கு 2028.

‘என் வண்டி 40,000 கி.மீ.தான் ஓடியிருக்கு’ என்று நிம்மதி அடைய வேண்டாம். கி.மீ., வருஷம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. சொல்லப்போனால் குறைவாக ஓடிய வண்டிதான் இதில் ஆபத்து. பிள்ளையை ஸ்கூலில் விட்டு, காய்கறி வாங்கி, 2 கி.மீ. ஓட்டி நிறுத்தும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரவே வராது. எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலக்கும். பெட்ரோல் கலந்த ஆயில்தான் ரப்பருக்கு முதல் எதிரி.

அதனால் ஆயில் விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. எக்கோபூஸ்ட்டுக்கு ஃபோர்டு சொல்வது 5டபிள்யூ-20 கிரேடு, டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற தர எண் கொண்ட ஆயில். கிரேடு மட்டும் ஒத்துப்போனால் போதாது, இந்த எண் டப்பாவில் இருக்க வேண்டும். ஏனென்றால் ரப்பரோடு ஒத்துப்போகுமா என்பது கிரேடில் தெரியாது, தர எண்ணில்தான் தெரியும். ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது ரொம்ப தண்ணி சார், 20டபிள்யூ-50 ஊத்திடலாம்’ என்று யாராவது சொன்னால், வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். டிராகன் ஓனர்கள் தங்கள் மேனுவலில் உள்ள எண்ணைப் பார்த்து அதையே கேட்டு வாங்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை, கி.மீ. ஓடாவிட்டாலும், ஆயிலை மாற்றுங்கள். இன்ஜின் ஃபிளஷ் என்று ஒரு ரசாயனத்தை ஊற்றிக் கழுவுகிறார்களே, அது இந்த இன்ஜின்களுக்கு வேண்டவே வேண்டாம். அழுக்கைக் கரைக்கும் மருந்து ரப்பரை மட்டும் விட்டுவைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

டேஷ்போர்டில் சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் குப்பி மாதிரி ஒரு விளக்கு எரிந்தால், அது ஆயில் குறைந்துவிட்டது என்பதல்ல. ஆயில் பிரஷர் இல்லை என்று அர்த்தம். ஓரம் கட்டி அந்த நிமிஷமே இன்ஜினை அணைக்க வேண்டும். ‘வொர்க் ஷாப் பக்கத்துலதானே, மெதுவா ஓட்டிடலாம்’ என்று போகும் அந்தக் கடைசி 3 கி.மீ.தான், ஸ்ட்ரெய்னர் சுத்தம் செய்வதோடு முடிந்திருக்க வேண்டிய செலவை இன்ஜின் மாற்றும் செலவாக ஆக்குகிறது. டோ பண்ணித்தான் கொண்டுபோக வேண்டும். சூடான இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது மட்டும் அந்த விளக்கு மின்னி மின்னி மறைந்தால், அதுவும் எச்சரிக்கைதான்.

பெல்ட் மாற்றுவது தெருமுனை வேலையா?

இல்லை. எக்கோபூஸ்ட்டில் கிராங்க் புல்லிக்கும் தண்டுக்கும் நடுவில் ‘கீ’ என்ற பூட்டு கிடையாது. போல்ட்டின் இறுக்கத்தில்தான் எல்லாம் நிற்கிறது. அதனால் போல்ட்டைக் கழற்றிய நொடியே டைமிங் குறி எதுவும் நம்பகமில்லை. கிராங்க்கையும் கேமையும் அசையாமல் பூட்ட தனி டூல் செட் வேண்டும். புல்லியும் எடை சமமில்லாமல் செய்யப்பட்டது என்று மேலே சொன்னோம் இல்லையா, அதைப் பழைய கோணத்திலேயே திரும்ப மாட்டாவிட்டால் வண்டி உதறும். பெயின்ட் குறி வைத்து மாட்டிவிடுகிறேன் என்று சொல்கிற கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மாற்றும்போது பெரிய பெல்ட், டென்ஷனர், ஆயில் பம்ப் பெல்ட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் கறுப்பாக ரப்பர் துகள் இருந்தால், உங்கள் பெல்ட் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் பளபளப்பை அல்ல, சர்வீஸ் பில்களை. எந்த ஆயில் ஊற்றினார்கள் என்பது பில்லில் இருக்கும். பில் இல்லாத வெட் பெல்ட் வண்டி என்றால், பெல்ட் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள், வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். கூலன்ட் டேங்க்கை ஆறிய நிலையில் பாருங்கள். உள்ளே ஆயில் படலம் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தாலோ ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு எங்கள் கணக்கில் ஒரு வழி இருக்கிறது. 2017க்கு முந்தைய 1.5 லிட்டர், 4 சிலிண்டர் பெட்ரோல். பவர் குறைவுதான், மைலேஜும் சுமார்தான். ஆனால் அதன் பெல்ட்டை ஊரில் நல்ல மெக்கானிக் யார் வேண்டுமானாலும் மாற்றுவார். ஓட்டும் சந்தோஷம்தான் முக்கியம் என்றால் எக்கோபூஸ்ட்டை எடுக்கலாம், தப்பில்லை. பெல்ட் காசை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு எடுங்கள்.

உதிரி பாகம் கிடைக்குமா?

2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தபோதே, உதிரி பாகமும் சர்வீஸும் தொடரும் என்று சொல்லியிருந்தது. 2022ல் மறைமலை நகரில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. குஜராத்தின் சனந்த் ஆலை டாடாவுக்குப் போய்விட்டது, மறைமலை நகர் ஆலையை ஃபோர்டு விற்கவில்லை. 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக அதைத் திரும்பத் திறக்கும் விருப்பக் கடிதத்தைத் தமிழக அரசிடம் கொடுத்தது. 2025 அக்டோபரில், 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் அங்கே புதிய தலைமுறை இன்ஜின்கள் தயாரிக்கப்போவதாக அறிவித்தது. கார் இல்லை, இன்ஜின். 2029ல் உற்பத்தி தொடங்கும் என்கிறார்கள்.

பெல்ட் கிட் வாங்கும்போது ஒரிஜினல் பார்சலா என்று பாருங்கள். ஆயிலில் ஊறும் பெல்ட்டில் போலி மாட்டினால் என்ன ஆகும் என்பதை மேலே படித்தவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பழைய பெல்ட்டைக் கடையிலேயே விட்டுவிடாமல் கையில் வாங்கி, லேசாக மடக்கிப் பாருங்கள். முதுகில் கீறல் கீறலாக வெடிப்பு தெரிந்தால் சரியான நேரத்தில்தான் மாற்றியிருக்கிறீர்கள்.